பூச்சியம் வந்தா என்னலே செய்வ?

ஏலே பேராண்டி, மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? பொண்ணு வீட்டுக்காரன் வேண்டாம்னுட்டானா? இல்லியா? ஓகோ, மிஷினு திட்டிருச்சோ! ராவெல்லாம் கண்ணு முழிச்சு டிஸ்ப்ளே டிரைவர் எழுதுனியே, அனுப்புன கையோட ஆட்டோமேட்டிக் ரிவ்யூ வந்து, "கலர் டெப்த்தைச் சரிபார்க்கலை"ன்னு எழுதிட்டுதாக்கும். மனுசன் சொல்லியிருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டியிருப்ப. இதுக்கு டீயும் இறங்காது, வெத்தலையும் மெல்லாது.

கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காத. நீ போன்ல கத்துன கத்துக்குத் தொழுவத்து ஆட்டுக்குட்டிக்கே பாதி வேல தெரிஞ்சுபோச்சு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்னுக்கும் 8 பிட்டுன்னா மொத்தம் ஒரு கோடியே 67 லட்சம் கலர். 10 பிட்டுன்னா 107 கோடி. மானிட்டர் எத்தனை பிட்டு தாங்கும்னு உனக்குச் சொல்லுதது யாரு? மானிட்டரேதான், ஈடிஐடின்னு தன் ஜாதகத்தை நீட்டுது. ஈடிஐடி 1.4ல கலர் டெப்த்துக்குன்னு 3 பிட்டுல ஒரு கட்டம். 6, 8, 10, 12, 14, 16ன்னு ஆறு பதில் எழுதலாம். மிச்சம் ரெண்டுல ஒன்னு, 'சொல்ல இஷ்டமில்ல'. இன்னொன்னு, யாரும் தொடாதீங்கன்னு ஒதுக்கி வச்சது. அதுக்கு முந்துன ஜாதகத்துல அந்தக் கட்டமே கிடையாது. அப்ப லினக்ஸ் கெர்னல் சில நேரம் உன் கையில என்ன தரும்? பூச்சியம்!

நீ என்ன எழுதியிருக்க? 12க்கு மேல போனா 12ன்னு குறைச்சுக்கிட்ட. கீழ என்ன வரும்னு நெனச்சே பாக்கல. மிஷினு அதைப் புடிச்சுட்டுது, சரி, அதுக்கு அரை மார்க்கு குடு. முழுசும் குடுத்துராத. 'பூச்சியம்னா ஈஇன்வால்னு (தப்பான எண்ணுன்னு) திருப்பி அனுப்பு'ன்னு மருந்தும் சேத்து எழுதியிருக்கு பாரு, அதை அப்படியே ஒட்டியிருந்தன்னா பழைய மானிட்டரா வச்சிருக்கவன் வீடெல்லாம் இருட்டாயிருக்கும். கட்டம் காலியா இருக்கு, அம்புட்டுதான். அதுக்காக மாப்பிள்ளையே இல்லைன்னு சொல்லுவியளா? ஏஎம்டி டிரைவரைப் பிரிச்சுப் பாரு. எண்ணு இல்லைன்னா 8ன்னு வச்சுக்கிடுது. ஒத்தப்படை எண்ணு வந்தா ஒன்னைக் கழிச்சு ரெட்டப்படை ஆக்கிடுது. ஏன்னா அதுல 'மேக்ஸ் பிபிசி'ன்னு ஒரு செட்டிங்ல 8லருந்து 16 வரைக்கும் எதை வேணும்னாலும் போடலாம். 11ன்னு எவனாவது போடுவான். நீயே போடுவ.

இனி மிஷினு கேக்காத ஒன்னை நான் கேக்கேன். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட்டு. எச்டிஎம்ஐயில அதுக்கு 594 மெகாஹெர்ட்ஸ் வேணும். 10 பிட்டுன்னா அதை ஒன்னேகாலால பெருக்கு. கால்குலேட்டரத் தொடாத, ஒன்னேகால் வாய்ப்பாடு உனக்கு எங்க தெரியப்போவுது, நானே சொல்லுதேன்: 742.5. எச்டிஎம்ஐ 2.0வோட உச்சவரம்பு 600. மானிட்டர் பொய் சொல்லல, வழியில இடம் பத்தல. ஒன்னு, 8 பிட்டுக்கு இறங்கணும். இல்லன்னா நிற விவரத்தைச் சுருக்கி 4:2:2ல அனுப்பணும். அதையும் திரைய மாத்துததுக்கு முந்தி நடக்குத அட்டாமிக் செக்லயே முடிவு பண்ணிரணும். கமிட்டுக்குள்ள போனப்புறம் 'என்னால ஆகாது'ன்னு சொல்ல, கெர்னல்ல திரையக் கவனிக்குத டிஆர்எம்ல இடமில்ல. உன் கோடு அங்க போயில்ல முழிக்குது!

மிஷினு குத்தம் சொல்லுதது நேத்து வந்த வழக்கம்னு நெனச்சியாக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003லயே ஸ்பார்ஸ்னு ஒரு செக்கரை எழுதிட்டாரு. கூகுள்காரன் விட்ட சிஸ்காலர் இன்னும் மோசம்லே. அது குத்தம் சொல்லாது, கண்ட எண்ணையும் கெர்னலுக்குள்ள அள்ளிப் போட்டு அது சாவுதான்னு பாக்கும். பழைய ஃபிரேம்பஃபர் டிரைவருவ பிக்சல் கிளாக்குன்னு பூச்சியத்தை வாங்கி, அதால வகுக்கப் போய் மண்டையப் போட்டதெல்லாம் உண்டு. உனக்கு வெறும் கமெண்டு வந்ததுக்கே சோறு இறங்கல.

எந்திரி, முகத்தைக் கழுவு. பூச்சியத்தை 8ஆக்கு, ஒத்தப்படையக் குறை, மெகாஹெர்ட்ஸ் கணக்கை செக்குல வையி. அப்புறம் மிஷினுக்குப் பதில் எழுதும்போது, 'நீ சொன்ன மருந்து தப்பு'ன்னு மரியாதையா எழுது. அதுக்கு ரோசம் வராதுதான். ஆனா இன்கிரிமெண்ட் போடுத உங்க மேனேஜரும் அதைப் படிப்பாருல்லா?