நிழலியல்: பாம் ஸ்பிரிங்ஸில் சும்மா இருப்பது குறித்து ஒரு முன்னாய்வு

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று நம் சித்தர்கள் நிறையவே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, நீச்சல்குளத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று ஓட்டலில் முன்பதிவு செய்து பார்த்தவரில்லை. எனவே அவர்களுடைய முடிவுகளை இக்கட்டுரை இடைக்கால அறிக்கையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

ஆய்வுக்களம் பாம் ஸ்பிரிங்ஸ். தெற்குக் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சுமார் 170 கிலோமீட்டரில், கோச்செல்லா பள்ளத்தாக்கில் இருக்கும் பாலைவன ஊர். நெரிசல் இல்லாத சாலையில் இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையில் எவ்வளவு என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுவோம். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள், கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று நடிகர்களுக்கு ஒப்பந்தம் போட்டன, அதனால்தான் நட்சத்திரங்கள் இங்கே குவிந்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் வெள்ளிக்கிழமை மாலையில் கார் ஓட்டியிருக்க வாய்ப்பில்லை.

நமது கருதுகோள் எளியது. இவ்வூரில் ஓய்வு என்பது நிழலைத் தேடி, பிடித்து, தக்கவைத்துக்கொள்ளும் முழுநேர வேலை. இதை ஆராயும் துறைக்கு நிழலியல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். இத்துறையில் இப்போதைக்கு ஒரே ஒரு அறிஞர்தான் இருக்கிறார் என்பதால் கருத்து வேறுபாடுகள் ஏதும் எழவில்லை.

முதல் சான்று புவியியல். ஊரின் மேற்கே 3,302 மீட்டர் உயரத்துக்குச் சான் ஹசின்டோ சிகரம் நிற்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. மழைமறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 12 சென்டிமீட்டர் மழை. ஆக, இந்தப் பாலைவனமே ஒரு மலையின் மறைவில் பிறந்தது. அப்படிப் பிறந்த ஊரில் 2024 ஜூலை 5 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. வானிலை ஆய்வாளர்கள் வெப்பமானியை எப்போதும் நிழலில்தான் வைப்பார்கள் என்பதை வாசகர் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வெயிலை நாடி வெளியூரிலிருந்து முதலில் வந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர், நோயாளிகள். 1884-இல் இங்கே குடியேறிய ஜான் கத்ரி மெக்கல்லம் காசநோய் கண்ட மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். 1909-இல் நெல்லி காஃப்மன் தொடங்கிய விடுதியும் ஆரம்பத்தில் நுரையீரல் நோயாளிகளுக்கு இடம் கொடுத்தது. பணக்கார விருந்தினர்கள் வரத் தொடங்கியதும் இருமுகிறவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. மருந்துச்சீட்டில் இருந்த வெயில் இப்படித்தான் நாகரிகமானது. இவர்களுக்கெல்லாம் மிக முன்பிருந்தே இங்கு வாழும் கவீயா மக்கள் கோடை வந்தால் தண்ணீரும் மரநிழலும் உள்ள மலைப்பிளவுகளுக்குப் போய்விடுவார்கள். நிழலியலின் உண்மையான முன்னோடிகள் அவர்களே. அந்தப் பிளவுகளில் தாமாக வளர்ந்த விசிறிப் பனைகள் இன்றும் காய்ந்த ஓலையை உதிர்க்காமல் பாவாடை கட்டியது மாதிரி நிற்கின்றன.

தமிழில் ஆய்வு என்று எழுதிவிட்டுத் தொல்காப்பியத்தைத் தொடாமல் போனால் பட்டம் தங்காது. பாலைக்கென்று தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. பொழுதை மட்டும் கொடுத்தார்: சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனில். கூடவே, பின்பனியும் அதற்கு உரியது என்று ஒரு சலுகை சேர்த்தார். இந்தச் சலுகையின் உட்பொருள் பாம் ஸ்பிரிங்ஸ் ஓட்டல் கட்டணங்களைப் பார்த்தவர்களுக்கே விளங்கும். பின்பனி என்றால் மாசியும் பங்குனியும், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. பிப்ரவரியில் மாடர்னிசம் வாரம் என்னும் கட்டடக்கலை விழா (பெயர்தான் வாரம், நடப்பது 11 நாள்). ஏப்ரலில் பக்கத்து இன்டியோவில் கோச்செல்லா இசைவிழா. அறை வாடகை உச்சிக்கு ஏறுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். வேனிலில் போனால் அதே அறை மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்பது அறைக்கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும்.

இலக்கணம் பாலை மக்களுக்குத் தொழிலும் வகுத்திருக்கிறது: ஆறலைத்தல், அதாவது வழிப்போக்கரை மறித்துப் பறித்தல். இத்தொழில் அழியவில்லை. இன்று அதற்கு ரிசார்ட் கட்டணம் என்று பெயர். அறை வாடகை ஒன்று, வரி ஒன்று, அதன்மேல் நீங்கள் குளத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாளொன்றுக்கு இது ஒன்று. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியச் சட்டப்படி, கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். பறிப்பது நிற்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பறிக்கிறார்கள்.

உடன்போக்குக்கும் சான்று இருக்கிறது. 1967 மே 1 அன்று எல்விஸ் பிரெஸ்லியும் பிரிசில்லாவும் இங்கிருந்து லாஸ் வேகாஸ் போய்த் தாலி, மன்னிக்கவும், மோதிரம் மாற்றிக்கொண்டு அன்றே இங்கு திரும்பினார்கள். அகப்பாடல்களில் மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலையில் நடப்பாள். இன்றைய அம்மாவுக்கு அந்தச் சிரமம் இல்லை, வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, "சாப்பிட்டீங்களா? ஏன் இப்படிக் கறுத்துப்போயிருக்கே?" என்று கேட்டுவிடுகிறாள்.

இனி கட்டடங்கள். இங்கேதான் நிழலியல் கலையாகிறது. பிட்ஸ்பர்க்கில் பெரிய பல்பொருள் அங்காடி வைத்திருந்த கௌஃப்மன், பிராங்க் லாயிட் ரைட்டை வைத்து அருவியின் மேல் ஒரு வீடு கட்டிக்கொண்டவர். குளிருக்குத் தப்பிக்க இவ்வூரில் ஒரு வீடு வேண்டுமென்று ரிச்சர்ட் நாய்ட்ராவிடம் போனார். 1946-இல் எழுந்த அந்த வீட்டில், வெயிலையும் மணற்காற்றையும் மறிக்கத் திருப்பிக்கொள்ளக்கூடிய அலுமினியப் பட்டைகள் செங்குத்தாக வரிசையாய் நிற்கின்றன. 1970-இல் அதன் குளக்கரையில் ஸ்லிம் ஏரன்ஸ் எடுத்த புகைப்படம் உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குகிறது. ஆல்பர்ட் ஃப்ரே என்ற கட்டடக்கலைஞர் மலைச்சரிவில் தமக்கென ஒரு சின்ன வீடு கட்டுவதற்கு முன், ஓராண்டு காலம் சூரியனின் போக்கை அளந்துகொண்டிருந்தார். பிறகு பாறையை உடைக்காமல், அது வீட்டுக்குள் நுழைந்து உட்கார இடம்விட்டுக் கட்டினார். நிழலுக்காக ஓராண்டு காத்திருந்த அவருக்கு இத்துறையின் முதல் கௌரவ முனைவர் பட்டத்தை வழங்குகிறோம்.

சாதாரண வீடுகளும் இதில் சளைத்தவை அல்ல. வாசலுக்கு வெளியே நீண்டு தொங்கும் கூரை, தெருப்பக்கம் துளைத்துளையாய் ஒரு சுவர். அந்தத் துளைக்கல்லை நம்மவர்கள் சிமென்ட் ஜாலி என்பார்கள். 1970-களில் கட்டிய மாடிப்படிச் சுவர்களில் கைவிட்டு விளையாடிய அதே சாமான். அங்கே அதற்குச் சுற்றிக்காட்டும் பேருந்து விட்டுக் காசு வாங்குகிறார்கள்.

சிரிக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. இந்த ஊரின் நிலம் சதுரங்கப் பலகையாய்ப் பிரிந்தது. ஒரு சதுர மைல் கட்டம் ரயில்வேக்கு, அடுத்த கட்டம் கவீயா மக்களின் அகுவா கலியென்டே குழுவுக்கு. ஊர் நடுவை ஒட்டிய அவர்களுடைய 14-ஆம் கட்டத்தில், ஓட்டல்களிலும் வீடுகளிலும் வேலை பார்த்த கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழியினரும் குடியிருந்தார்கள். அந்த நிலத்துக்கு மதிப்பு ஏறியதும், 1950, 60-களில் அவர்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடித்தும் எரித்தும் அழிக்கப்பட்டன. நகராட்சி 2021-இல் மன்னிப்புக் கேட்டது. 2024-இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. குளக்கரையில் குடை விரித்துவைத்தவருக்கு அன்று தலைக்கு மேல் கூரை தங்கவில்லை. பயணத் திட்டத்தில் அரை நாளை ஒதுக்கி, ஊர் நடுவில் 2023-இல் திறந்த அகுவா கலியென்டே பண்பாட்டு அருங்காட்சியகத்தைப் பார்க்கச் சொல்வது இக்கட்டுரையின் ஒரே கண்டிப்பான பரிந்துரை.

கள ஆய்வுக்கு வருவோம். மாதிரிக் குழு: இர்வைனில் வாழும் ஒரு கணவன் மனைவி, பேரப்பிள்ளைகளைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கும் மனைவியின் அப்பா. நேரம் காலை பத்து. குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளில் எண்ணெய் தடவிய உடம்புகள்.

"மாப்பிள்ளை, இவங்க வீட்ல எல்லாம் வெயில் வராதா?"

"வரும் மாமா. இங்க வந்து காயிறது தனி."

"காயிறதுக்கு இவங்க என்ன கூழ்வத்தலா?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. குடை நகர்வதில்லை. எனவே நிழல் நாற்காலியை விட்டு நழுவுகிறது, முதலில் பாதம், பிறகு முழங்கால். மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். மறுபடி இழுத்தார். பகல் ஒரு மணிக்குள் குளத்தைக் கால்வட்டம் சுற்றிவந்திருந்தார். புத்தகத்தில் பக்கம் திரும்பவில்லை. இதற்கிடையே மாமாவைக் காணோம். தேடிப் பார்த்தால் ஓட்டலின் சலவை அறைக்குப் பின்னால், வடக்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்று அந்த ஓட்டலில் ஓய்வெடுத்தவர் அவர் ஒருவர்தான் என்று பதிவு செய்கிறோம்.

அந்தத் துண்டை லேசாக எண்ண வேண்டாம். ஊரின் உணவகங்களில் பந்தல் விளிம்பு நெடுகக் குழாய் ஓட்டிப் பனிப்புகைபோல நீர்த்தூவல் விடுகிறார்கள். காற்று வறண்டிருப்பதால் துளி மேசைக்கு வந்து சேருமுன்பே ஆவியாகி, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது. துண்டின் தத்துவமும் அதேதான், செலவு மட்டும் குறைவு. சென்னையில் இதைச் செய்தால் நனைவதோடு சரி. அந்தப் பந்தலடியில் பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் குடிக்கலாம். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கின் விளைச்சல்தான். பெண் மரங்களுக்கு ஆட்கள் ஏறிக் கையால் மகரந்தம் தூவ வேண்டும். ஒருவர் சும்மா இருந்து உறிஞ்சுவதற்கு இன்னொருவர் மரமேற வேண்டியிருக்கிறது என்பதை நிழலியல் குறித்துவைத்துக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் மாற்று ஒன்று உண்டென்றால் அது கேபிள் கார். 1935-இல், கீழே வெந்துகொண்டிருந்த பிரான்சிஸ் கிராக்கர் என்ற மின்பொறியாளர் பனி மூடிய சிகரத்தை அண்ணாந்து பார்த்து, அங்கே போய்விட வேண்டும் என்று நினைத்தார். ஆசை நிறைவேற 1963 வரை ஆனது. சுற்றிக்கொண்டே ஏறும் பெட்டி சுமார் பத்து நிமிடத்தில் 2,596 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. மேலே வெப்பம் 17 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ குறைந்திருக்கும். கீழே அரைக்கால் சட்டையோடு ஏறியவர்கள் மேலே பரிசுப்பொருள் கடையில் ஸ்வெட்டர் விலை விசாரிக்கும் காட்சியைத் தவறவிடக் கூடாது.

ஆய்வின் முடிவில் திட்டமிடுவோருக்குச் சில சொற்கள். நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். கோச்செல்லா விழா நடக்கும் இரண்டு வாரக்கடைசிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் குளக்கரை வெயில் வேண்டுமென்றால் மலையடிவாரத்து ஓட்டலை எடுக்காதீர்கள். டிசம்பரில் பிற்பகல் பாதியிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், கிழக்கே தள்ளி எடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். நம்மவர்களுக்கு நிழலே போதும் என்றால் அதே அடிவாரத்து ஓட்டல்தான் சரி. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு ஸ்வெட்டர். செப்டம்பரில் போகிறவர்கள் கேபிள் கார் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; வழக்கமாக அந்த மாதத்தில்தான் வருடாந்தரப் பராமரிப்புக்கு நிறுத்திவைப்பார்கள்.