சுபம் போட்ட பிறகு

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளத் தக்க பருமனுள்ள ஓர் ஆங்கில நாவலை மூன்று நாட்களாகக் கீழே வைக்காமல் படித்துக்கொண்டிருந்ததையும், என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால், "இரு பாட்டி, இப்போதுதான் இளவரசியை முள்ளுக்குள் தள்ளியிருக்கிறார்கள்" என்று பதில் வருவதையும் கண்ட நான், இது என்ன விபரீதம் என்று அறியும் பொருட்டு, அவள் கண்ணயர்ந்த ஒரு பிற்பகலில் அந்தப் புஸ்தகத்தை அபகரித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பது பக்கம் படித்தும் யாருக்கு யார் என்ன உறவு, செத்துப்போனவன் எதற்காக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதொன்றும் விளங்காமல், மூக்குக் கண்ணாடியின் மேல் சந்தேகம் கொண்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்த சமயத்தில் பேத்தி எழுந்து வந்தாள்.

"தாத்தா, அது சீக்வெல். முதல் பாகம் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது."

"கல்யாணம் ஆன பிறகு கதை ஏது?" என்று கேட்டேன். திரையில் 'சுபம்' என்று எழுத்து தோன்றியதும் காலால் துழாவிச் செருப்பைத் தேடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

"டார்க்கான பகுதியே அதற்கப்புறம்தான்" என்றாள் பேத்தி. அருகே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "குழந்தை சரியாகத்தான் சொல்கிறது" என்று கூறிவிட்டு மறுபடியும் கீரையில் ஆழ்ந்தாள்.

பால் மணம் மாறாத பிள்ளைகளுக்கு இப்படி இருட்டை ஊட்டுவது தற்காலத்துப் பிரசுரகர்த்தர்களின் சூழ்ச்சி என்று ஒரு பிரசங்கம் செய்ய உத்தேசித்து, பழைய தேவதைக் கதைகளின் பரிசுத்தத்துக்குச் சாட்சியாக அலமாரியிலிருந்து கிரிம் சகோதரர்களையும், அவர்களுக்கும் மூத்தவரான பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோவையும் இறக்கினேன். இறக்காமல் இருந்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்லி வேடனை ஏவுகிறவள் மாற்றாந்தாய் அல்ல, பெற்ற தாயே. ஊரார் மனம் நோகுமென்று பட்டதோ என்னவோ, 1819-ஆம் வருஷத்துப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வந்த அவளுக்குச் செந்தழலாய்க் காய்ச்சிய இரும்புப் பாதரட்சைகளை அணிவித்து, உயிர் போகும் வரை ஆடவிட்ட உபசாரத்தை மட்டும் மாற்றவில்லை. சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதைக்கோ, அவர்கள் புஸ்தகத்திலேயே ஓர் இரண்டாம் பாகம் இருக்கிறது: வேறொரு ஓநாய் வந்து கூரைமேல் ஏறிக் காத்திருக்க, பாட்டியும் பேத்தியும் பதற்றமின்றி, இறைச்சி வேகவைத்த நீரைக் கல்தொட்டியில் நிரப்பிவைக்க, வாசனை பிடித்துக் கழுத்தை நீட்டிய ஓநாய் சறுக்கி விழுந்து மூழ்கிவிடுகிறது. இதைப் படித்துக் காட்டியபோது என் வீட்டுப் பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆனால் என்னை அடியோடு கவிழ்த்தவர் பெரோதான். 1697-ல், எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தக் கனவான் பாரிஸில் வெளியிட்ட புஸ்தகத்தில் உறங்கும் அழகியின் கதை இருக்கிறது. நூறு வருஷம் உறங்கிய இளவரசி கண் விழித்தாள், இளவரசன் அவளை மணந்தான் என்பதோடு நாம் கேட்ட கதை முடிந்துவிடும். அவருடைய கதையோ அங்கேதான் சூடு பிடிக்கிறது. அவள் உடுத்தியிருந்த ஆடை தன் பாட்டி காலத்து மோஸ்தர் என்று கண்டுகொண்டும் அதை வாய்விட்டுச் சொல்லாத விவேகி அந்த இளவரசன். ஆயினும் தனக்கு விவாகமானதைத் தன் தாயாரிடம் இரண்டு வருஷம் சொல்லாமல் மறைத்துவைத்தான். காரணம், அந்த அம்மாள் நரமாமிசம் புசிக்கும் ராட்சச வம்சம். அவள் கொண்டுவந்த ஐசுவரியத்தை உத்தேசித்தே அரசன் அவளைக் கைப்பிடித்திருந்தான். தந்தை இறந்து பட்டமேறிய பிறகுதான் மகன் துணிந்து மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அரண்மனைக்கு அழைத்து வந்தான். பிறகு யுத்தத்துக்குப் புறப்படுகையில் அவர்களைத் தாயின் பொறுப்பில் விட்டுப் போனான். ஆண்பிள்ளைகளின் புத்தியைப் பற்றிப் பெரோவுக்கு மயக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாமியார் சமையல் அதிகாரியைக் கூப்பிட்டு, நாளைய போஜனத்துக்கு நாலு வயதுப் பேத்தியை ரொபேர் குழம்பிட்டுச் சமைக்கும்படி உத்தரவிடுகிறாள்.

"அதென்ன குழம்பு?" என்று மனைவி தலை நிமிர்ந்தாள்.

"வெங்காயமும் கடுகும் சேர்ந்தது."

"கடுகு தாளித்ததா, அரைத்துவிட்டதா?"

அரைத்தது என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன். மனம் இளகிய அதிகாரி குழந்தையை ஒளித்துவிட்டு ஆட்டுக்குட்டியைச் சமைக்கிறான். மூன்று வயதுப் பேரனுக்குப் பதிலாக வெள்ளாட்டுக்குட்டி. மருமகளுக்கோ, நூறு வருஷத் தூக்கத்தில் தோல் சற்றே தடித்துப்போயிருந்ததால், தேடிப்பிடித்து ஒரு பெண்மான். மாமியார் மூன்றையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

"உங்கள் அம்மாவாக இருந்தால் வாசனையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்" என்றாள் மனைவி. அதைப் புகழ்ச்சியாகக் கொள்வதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

முடிவில் குட்டு வெளிப்பட்டு, தேரையும் பாம்பும் நிறைந்த அண்டாவில் மற்றவர்களைத் தள்ளவிருந்த வேளையில் மகன் திரும்பி வந்துவிட, ராட்சசி தானே அதில் தலைகீழாய்க் குதித்து மடிகிறாள். பெற்றவள் ஆயிற்றே என்று அரசன் துக்கப்பட்டான். மனைவி மக்களைப் பார்த்துச் சீக்கிரமே தேறியும் விட்டான். கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பிலும் இப்படி ஒரு மாமியார் துண்டுக்கதையாக எட்டிப்பார்த்தாள். அடுத்த பதிப்பில் அவளை வெளியேற்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டு நிலவரம் என்னவோ!

"என் புஸ்தகத்தைவிட இது டார்க்காக இருக்கிறதே, தாத்தா" என்று பேத்தி பெரோவைப் பிடுங்கிக்கொண்டாள். எடுக்காத பிரசங்கத்தை நான் மென்று விழுங்கினேன்.

மனைவி மாத்திரம் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் அம்மாவிடம் மறைத்தான் என்றீர்களே, அதைக் குற்றம் சொல்லுகிறீர்களா?"

"பின்னே?"

"நமக்குக் கல்யாணமான புதிதில், கோயிலுக்கென்று சொல்லிவிட்டு மாட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனீர்களே, உங்கள் அம்மாவிடம் அதை என்றைக்குச் சொன்னீர்கள்?"

கூடத்துச் சுவரில், சந்தன மாலைக்கு நடுவே இருந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்த என் தாயாரின் படத்தை ஒருதரம் ஏறிட்டு நோக்கிவிட்டு, "கொஞ்சம் மெதுவாகப் பேசேன்" என்றேன்.