மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள்

ஈரோடு வாசகர்: இன்ஜின் ஆயிலை வருடம் தவறாமல் மாற்றுகிறேன். கியர் பாக்ஸ் ஆயிலையும் மாற்ற வேண்டும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லையே?

கியர் பாக்ஸ் ஒரு வாயில்லாப் பூச்சி. இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் பாக்ஸுக்கு அப்படி விளக்கு கிடையாது. பல சிறிய கார்களில் அளவு பார்க்கும் குச்சிகூடக் கிடையாது. உள்ளே பெட்ரோல் எரிவதில்லை, கரி சேர்வதில்லை என்பதால் இந்த ஆயில் இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் பல்லும் பல்லும் உரசிக் கொட்டும் இரும்புத் தூள் அதிலேயே கிடந்து சுற்றுகிறது. வடிகட்ட ஃபில்டரும் இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பாருங்கள். பல கார்களுக்கு 40,000 முதல் 80,000 வரை ஏதோ ஓர் எண் போட்டிருக்கும். பழைய கார் வாங்கியவர் எண்ணைத் தேடவே வேண்டாம், வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

திருச்சி வாசகி: வீட்டு வாசலிலேயே நானே மாற்ற முடியுமா?

தாராளமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால் ஒரே ஒரு வரிசையை உயிர் போனாலும் மாற்றாதீர்கள். கியர் பாக்ஸில் இரண்டு பிளக் இருக்கும். பக்கவாட்டில் மேலே இருப்பது ஆயில் ஊற்ற, அடியில் இருப்பது வடிக்க. மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பல வருடம் யாரும் தொடாத பிளக் அது, துருவேறி இறுகியிருக்கும். அடிப் பிளக்கைத் திறந்து ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேலே போய் முட்டினால் கதை முடிந்தது. புது ஆயில் கையில் இருக்கும், ஊற்ற வழி இருக்காது, பட்டறைக்கு ஓட்டிப் போகவும் முடியாது. மேல் பிளக் அசையவில்லை என்றால் அன்றைக்கு வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பழைய ஆயில் உள்ளே இருக்கிறது, கார் ஓடும், மெக்கானிக்கிடம் போகலாம்.

முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிடுங்கள். சரியான அளவு பாக்ஸ் ஸ்பானர் போடுங்கள். அளவு தப்பினால் பிளக்கின் தலை மழுங்கிவிடும். இன்னொன்று: அவசரத்தில் இன்ஜினின் ட்ரெயின் பிளக்கைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. இன்ஜின் ஆயில் மொத்தமும் கொட்டிப்போகும், கியர் பாக்ஸில் பழையதோடு புதியதும் சேர்ந்துவிடும். எது எந்த பிளக் என்று கையேட்டில் பார்த்து, சாக்பீஸால் குறி வைத்துவிட்டு அடியில் போங்கள்.

நாமக்கல் வாசகர்: டிக்கியில் இருக்கும் ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, அடியில் படுத்து வேலை செய்யலாமா?

கூடவே கூடாது. அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

ஆயில் ஊற்றும்போது கார் நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஊற்றும் ஓட்டையின் விளிம்புதான் அளவுகோல். ஆயில் அதுவரை ஏறி, மெல்லிய நூலாக வழிந்து, பிறகு சொட்டாக நிற்கும். அப்போது பிளக்கை மூடலாம். முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். வடித்த பழைய ஆயிலையும் அளந்து வையுங்கள். சிறிய கார்களில் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். கையேட்டில் சொன்னதைவிட மிகக் குறைவாக வந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடும்போது புது வாஷர் போடுங்கள். பாக்ஸின் உடல் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

மதுரை வாசகர்: கடையில் GL-4 கேட்டேன், "GL-5 வாங்குங்க சார், அதைவிட உசத்தி" என்கிறார்கள். எண் கூடினால் தரமும் கூடும்தானே?

இந்த வாரத்தின் முத்தான கேள்வி இதுதான். பழைய லாரி ஓட்டுநர்களைக் கேளுங்கள், ஒவ்வொரு கியருக்கும் டபுள் கிளட்ச் மிதித்த கதையைச் சொல்வார்கள். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களைச் சமப்படுத்தாமல் சேர்த்தால் பற்கள் கரகரவென்று கத்தும். அந்தச் சமப்படுத்தும் வேலையைப் பெட்டிக்குள்ளேயே செய்யும் சின்க்ரோமெஷ் என்ற ஏற்பாட்டை 1928-ல் காடிலாக் கார்களில் கொண்டுவந்தார்கள். அமைத்தவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். இன்றைய நம் கார்களிலும் அதே தத்துவம்தான்: பெரும்பாலும் பித்தளையில் செய்த ஒரு வளையம், கூம்பு ஒன்றின் மேல் போய் உரசிப் பிடிக்கிறது, வேகம் சமமானதும் கியர் விழுகிறது.

ஆக, கியர் பாக்ஸ் ஆயிலுக்கு எதிரும் புதிருமான இரண்டு வேலை. பற்கள் தேயாமல் வழுக்க வேண்டும், வளையம் பிடிக்கும் அளவுக்கு விட்டும் கொடுக்க வேண்டும். GL-5 என்பது பின்சக்கர டிஃபரன்ஷியலில் கடுமையாகச் சறுக்கி உரசும் பற்களுக்காக வந்தது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதில் ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். சில வகைகள் பித்தளையை அரிக்கும், வளையத்தைப் பிடிக்க விடாமல் வழுக்கவும் செய்யும். அது மட்டமான ஆயில் என்று சொல்லவில்லை, வேறு இடத்துக்கான ஆயில். கையேட்டில் GL-4 என்று இருந்தால் GL-4 கிடைக்கும்வரை அடுத்த கடைக்கு நடங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: மிச்சம் இருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் என்ன?

1959-ல் வந்த மினி காரில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். ஹோண்டாவின் சில பழைய மேனுவல் கார்களும் இன்ஜின் ஆயிலை ஏற்றுக்கொண்டவை. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் ஊற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம். கியர் ஆயில் டின்னில் 75W-90 என்ற எண்ணைப் பார்த்து, கெட்டியாக இருக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். கியர் ஆயிலுக்கான அளவுகோல் தனி. அந்த 90, இன்ஜின் ஆயிலின் 40-க்குப் பக்கத்தில்தான் வரும்.

கரூர் வாசகி: ஆயில் டின்னைத் திறந்ததும் குமட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, கந்தக வாடை அது. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், துவைத்தாலும் லேசில் போகாது.

சேலம் வாசகர்: வடித்த பிளக்கின் முனையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பயந்துவிட்டேன்.

பல பிளக்குகளின் முனையில் காந்தம் வைத்திருப்பார்கள், இரும்புத் தூளைப் பிடிப்பதற்கென்றே. அதை விரலில் எடுத்துத் தேயுங்கள். கண்மை போல வழவழப்பாக இருந்தால் நியாயமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலில் நெருடினால், சில்லு சில்லாக இரும்பு வந்தால், ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. வடித்த ஆயிலையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத்தில் தூள் நிறைய மின்னினால் பித்தளை வளையம் கரைகிறது. அந்தக் கட்டத்தில் புது ஆயில் ஊற்றியும் கியர் மாற்றும்போது வரும் கரகரப்பு முழுசாகப் போகாது.

சென்னை வாசகர்: மழை வெள்ளத்தில் கார் அரை நாள் நின்றது. இன்ஜினைப் பார்த்துவிட்டேன். கியர் பாக்ஸையும் பார்க்கணுமா?

கட்டாயம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்ஜினை மட்டும் சரிபார்த்துக்கொண்டு கியர் பாக்ஸை மறந்தவர்கள் ஏராளம். பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் கலந்த ஆயில் வெளிறி, கலங்கி நிற்கும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே வடியுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றுங்கள். தண்ணீர் தங்கினால் முதலில் போவது பேரிங்.

திண்டுக்கல் வாசகர்: வடித்த பழைய ஆயிலை என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரர் கரையானுக்குக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கரையானுக்கு அடிப்பது, சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் கடைசியில் அது மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேர்கிறது. மத்திய அரசின் 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். துடைத்த பனியன் வேஸ்டையும் ஒரு பையில் கட்டி அங்கேயே கொடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.