நண்பருக்குக் கேட்பவர்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், மீசைக்குத் தவறாமல் டை அடிப்பவர். அவருக்கு ஒரு குறையும் கிடையாது. இருக்கிற குறையெல்லாம் அவருடைய நண்பருக்குத்தான்.

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் இருந்தால் வெளியே நின்று செல்போனை நோண்டுவார். கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்து தைலம் ஒன்று கேட்பார். பிறகு பிளாஸ்திரி. கல்லாவில் இருக்கும் பெண் எழுந்து உள்ளே போனதும் குரல் அடித்தொண்டைக்கு இறங்கும்.

"தம்பி, ஃப்ரெண்டு ஒருத்தர் கேட்டாரு... அந்த மாத்திரை..."

"எந்த மாத்திரை சார்?"

"அதாம்ப்பா, ப்ளூ கலர்ல..."

"டாக்டர் சீட்டு இருக்கா சார்?"

தம்பி சட்டப்படிதான் கேட்டான். ஆனால் எதிர் டீக்கடை வரை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டான். அந்த நொடியே நண்பர் பூரண குணமடைந்துவிடுவார். நம்மவர் தைலத்தோடு வீடு திரும்புவார். பிரிக்காத தைலம் வீட்டில் ஓர் அலமாரிக்கு இருக்கிறது.

இவர் ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பி, காம்படியில் ஓட்டை பார்த்துத்தான் கூடையில் போடுவார். அப்படிப்பட்டவர் ராத்திரி வீடு அடங்கியதும் போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஆன்லைனில் இறங்குகிறார். சீட்டை அப்லோட் செய்யச் சொல்லும் மருந்துக்கடையைக் கண்டால் தலைதெறிக்க ஓடுகிறார். எதுவுமே கேட்காத தளத்தைக் கண்டதும் அவருக்கு நிம்மதி. 'நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு இல்லை, பார்சல் ரகசியம்.' முன்பு மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருந்த வைத்தியர் இப்போது வெப்சைட் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த மூலிகையின் லட்சணம் வேறு. இத்தகைய 'இயற்கை' சரக்குகளைச் சோதித்துப் பார்த்து, அந்த ப்ளூ மாத்திரையின் மருந்தான சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்பது கலந்தவருக்கே வெளிச்சம்.

பார்சல் பட்டப்பகலில் வந்து மாமியார் கையில் கிடைக்கிறது. "மொபைல் கவர் அத்தே." உள்ளே இருக்கும் அட்டையில் பேட்ச் நம்பர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. கத்தரிக்காய்க்கு இருந்த மரியாதை மாத்திரைக்கு இல்லை.

மருந்தளவை நிர்ணயிப்பது டீக்கடை. "ஐம்பதெல்லாம் சின்னப் பசங்களுக்கு, நீங்க நூறு போடுங்கண்ணே!" சில்டெனாஃபிலை டாக்டர்கள் வழக்கமாகத் தொடங்குவது 50 மில்லிகிராமில். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு 25 போதும். அதுவும் நாளைக்கு ஒரு தடவைதான். நம்மவர் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு மாத்திரையைப் போடுவார். கொழுப்புச் சாப்பாடு மருந்து ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒன்றும் காணோமே என்று இன்னொன்றையும் முழுங்குவார். ஆசை இல்லாத இடத்தில் இந்த மாத்திரை வேலை செய்யாது என்பதும் அவருக்குச் செய்தி.

இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனிக்காரர்கள் சில்டெனாஃபிலை நெஞ்சு வலிக்காகத்தான் ஆராய்ந்தார்கள். வந்த பக்கவிளைவே சரக்காகி, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இது பெரிய வினையாவதும் நெஞ்சு வலிக்காரரிடம்தான். நம்மவர் சட்டைப் பையில் எப்போதும் சார்பிட்ரேட் இருக்கும். நாக்கடியில் வைக்கும் அந்த நைட்ரேட்டும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே உலை வைக்கும். புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகளோடும் எச்சரிக்கை வேண்டும்.

சர்க்கரைக்காக டாக்டரைத் தவறாமல் பார்க்கிறார். "வேற ஏதாவது?" என்று அவரும் கேட்கத்தான் செய்கிறார். "ஒண்ணும் இல்ல டாக்டர்!" இந்த விறைப்புக் குறை ரத்தக்குழாய் அடைப்பின் முதல் தகவலாகவும் இருக்கலாம்; மாரடைப்புக்குச் சில வருஷம் முன்பே தலைகாட்டுவதுண்டு. அதைத்தான் விழுங்கிவிட்டு வருகிறார். வெட்கப்பட வேண்டிய இடம் அந்த வெப்சைட்தான், டாக்டரின் அறை இல்லை.

மாத்திரை போட்டு நாலு மணி நேரமாகியும் விறைப்பு அடங்காவிட்டால் மானம் பார்க்காமல் காஷுவாலிட்டிக்குப் போங்கள். நெஞ்சு வலி என்று போனால், என்ன மாத்திரை, எப்போது போட்டது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்கக் கூடாது.