வேலி யாருக்காக?

கேள்வி: அரசையும் சமயத்தையும் பிரித்து வைப்பது, சாமி இல்லை என்பவர்கள் கிளப்பிவிட்டதுதானே?
– வாசகர் ஒருவர், காஜாங்

பதில்: இல்லை, சாமியை விடவே முடியாதவர் கிளப்பியது! ரோஜர் வில்லியம்ஸ் ஒரு பாதிரியார். மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டு, 1636-ல் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். திருச்சபையைத் தோட்டமாகவும் உலகத்தைக் காடாகவும் பார்த்தவர் அவர். வேலி போடுவது காட்டுக்கு அல்ல, தோட்டத்துக்கு. அதிகாரம் உள்ளே புகுந்தால் பக்தி பட்டுப்போகும் என்பதே அவர் கவலை.

நம் மலேசியாவின் கதை இன்னும் சுவையானது. ரீட் ஆணையம் அரசியலமைப்பை வரைந்தபோது, இஸ்லாத்தை நாட்டின் சமயமாக எழுதச் சொன்னது கூட்டணிக் கட்சி. நாடு சமயச் சார்பற்றதாகவே இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னது. இஸ்லாத்தை அப்படி எழுத வேண்டாம் என்றது யார் தெரியுமா? சுல்தான்கள்! தத்தம் மாநிலத்தில் சமயத் தலைவர்கள் அவர்களே. அதில் கோலாலம்பூர் கை வைத்துவிடுமோ என்று அஞ்சினார்கள். அவர்களுக்கும் தோட்டம், வேலி, அதே கவலை. அந்தத் தலைமைக்குக் குறை வராது என்று உறுதி கிடைத்த பிறகே 3-வது பிரிவு வந்தது. மற்ற சமயத்தார் அமைதியாக வழிபடலாம் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. பாதி வாக்கியத்தோடு நிறுத்துகிறவர்களிடம் மீதியையும் படிக்கச் சொல்லுங்கள்.

வேலி சரிந்தால் என்ன ஆகும் என்பதை ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயிடம் கேட்க வேண்டும். 2009-ல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாமலே தந்தை மதம் மாற்றினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2018 ஜனவரி 29-ல். பதினொரு மாதக் கைக்குழந்தையாகப் பிரித்துக் கொண்டுபோகப்பட்ட கடைசி மகள், அன்றைக்கும் தாய் மடிக்குத் திரும்பவில்லை.