கொரிந்து சண்டை

கேள்வி: ஆதித் திருச்சபைக் கடிதங்களைப் படித்து அன்றாட விசுவாசத்துக்கு என்ன பயன்? (வாசகி, சிதம்பரம்)

பதில்: நிறைய. கொரிந்து சபை விருந்தில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கடிந்து எழுதினார். ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து அங்கேயே மூப்பர்களைப் பதவியிறக்கினார்கள். அதைக் கண்டித்து ரோம் சபைத் தலைவர் கிளமெந்துவின் கடிதம் போனது. நம் சபைத் தேர்தல் சண்டைக்கு வயசு 1900 என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகாது, சமாதானம் பேசத் தோன்றும். பவுலின் கடிதங்கள் தமிழிலும் உண்டு: 1737இல் கடலூர் மிஷன் தொடங்கும்போதே, தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்தாயிற்று. படிக்காமலிருக்க நமக்கென்ன சாக்கு? கடலூர் பஸ்ஸில் பவுல் பிலேமோனுக்கு எழுதியதைப் படியுங்கள், 25 வசனம்தான். அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்கச் சொல்லும் கடிதம். படித்த அன்றே வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் உங்கள் பக்கத்தில் நாற்காலி போடுங்கள்.