சொந்த அணிக்கே விசில்

கேள்வி: கால்பந்து ரசிகர்கள் எதிரணியை விட்டுவிட்டுத் தங்கள் அணி வீரர்களையே அதிகம் திட்டுகிறார்களே, நியாயமா?

பதில்: எதிரணிக்காரரைத் திட்டுவது கடமை, நம்ம ஆளைத் திட்டுவது உரிமை. டிக்கெட் காசில் அதுவும் சேர்த்தி!

ரியல் மாட்ரிட் ரசிகர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கேரத் பேல் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, அந்தரத்தில் தலைகீழாக உதைத்த கோலையும் சேர்த்து இரண்டு கோல் போட்டார். கோப்பை கிடைத்தது. மறு ஆண்டே சொந்த மைதானத்தில் அவருக்கு விசில்! நம்மூர் தியேட்டர் விசில் அல்ல. அங்கே விசில் என்றால் வசவு. ‘வேல்ஸ், கோல்ஃப், மாட்ரிட்’ என்று, சொந்த நாட்டுக்கும் கோல்ஃபுக்கும் பிறகே கிளப் என வரிசை போட்ட கொடியோடு குதித்துக் கொண்டாடியவர் அவர். ஆகவே கொஞ்சம் கேட்டு வாங்கியதும் உண்டு.

ஆர்செனல் கேப்டனாக இருந்த ஜாக்கா கதை வேறு. 2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸுடன் ஆடிய ஆட்டத்தின் நடுவே அவரை வெளியே அழைத்தபோது, மைதானமே ஊளையிட்டது. அவரும் காதருகே கைவைத்து, ‘இன்னும் கத்துங்கள்’ என்று சைகை காட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நடந்தார். கேப்டன் பதவி போயிற்று. சமூக வலைதளத்தில் மனைவி, மகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அதற்கு முன்பே அறிக்கை விட்டிருந்தார். பாஸ் சரியில்லை என்று கத்துங்கள், அது விமர்சனம். வீட்டுக் குழந்தையைச் சபிப்பது ரவுடித்தனம்.

அதே ஜாக்காதான் 2023-24இல் லெவர்குசன் அணியோடு, ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீகை வென்றார்.